ஆசியாவில் வறுமையும் ஏற்றத்தாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் சமூகப் பணி மாணவர்களுக்கும் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். பாடத்தை நடத்துவதைவிட, செய்தித்தாளைப் படித்துவிட்டு வந்து அவர்கள் எழுப்பும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதில்தான் பாதி நேரம் போகிறது. ஆண்டுதோறும் புதிய முகங்கள் வருகின்றன. கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எண் இட்டிருப்பதால், முன்னர் சொன்னதைப் பின்னர் திரும்பச் சொல்லாமல் அந்த எண்ணைச் சுட்டியிருக்கிறேன்.

1. ஒருவர் ஏழையா இல்லையா என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

உணவு, உடை, உறைவிடம் போன்ற அடிப்படைத் தேவைகளுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும் என்று ஒரு தொகையைக் கணக்கிட்டு, அதற்கும் கீழே வாழ்பவரை ஏழை என்று கொள்கிறார்கள். அந்தத் தொகைதான் வறுமைக் கோடு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கோடு உண்டு. நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட உலக வங்கி ஒரு பொதுக் கோட்டை வைத்திருக்கிறது. 1990இல் நாளொன்றுக்கு ஒரு டாலர் என்று தொடங்கிய அது, 2022இல் 2.15 டாலராகவும், 2025 ஜூன் மாதத்தில் 3 டாலராகவும் மாற்றப்பட்டது.

இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: 3 டாலரை வங்கியின் மாற்று விகிதத்தால் பெருக்கி, இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் என்று எழுதிவிடுகிறார்கள். இது வாங்கும் திறனைச் சமப்படுத்திய டாலர். அமெரிக்காவில் 3 டாலருக்குக் கிடைக்கும் பொருள்கள் இந்தியாவில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பார்த்தால், 2021ஆம் ஆண்டு விலைவாசியில் அது சுமார் 60 ரூபாய்தான் வரும். நாளொன்றுக்கு ஓர் ஆளுக்கு 60 ரூபாய் என்று சொல்லிப் பார்த்தால்தான் அந்தக் கோடு எவ்வளவு கீழே போடப்பட்டிருக்கிறது என்பது புரியும்.

2. கோட்டை மாற்றினால் ஏழைகளின் எண்ணிக்கையும் மாறுகிறதே, இதெல்லாம் கண்கட்டு வித்தைதானா?

எண்ணிக்கை மாறுவது உண்மை. 2011-12ஆம் ஆண்டின் இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி ஆளுக்குக் கிராமத்தில் மாதம் 816 ரூபாயும் நகரத்தில் 1,000 ரூபாயும் எல்லை. அதன்படி ஏழைகள் 21.9 சதவீதம். அதே ஆண்டுக்கு ரங்கராஜன் குழு 972 ரூபாய், 1,407 ரூபாய் என்று எல்லையை உயர்த்தியது, ஏழைகள் 29.5 சதவீதமாயினர். மக்கள் அதே மக்கள், ஆண்டும் அதே ஆண்டு. இலங்கையில் 2016ஆம் ஆண்டுக்கு 4.1 சதவீதம் என்றிருந்த வறுமை, கோடு புதுப்பிக்கப்பட்ட பின் 2019ஆம் ஆண்டுக்கு 14.3 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் நாடு மூன்று மடங்கு ஏழையாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

ஆகவே ஒரே கோட்டை வைத்துக்கொண்டு காலப்போக்கில் ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதே முறை. இரண்டு வெவ்வேறு கோடுகளில் இருந்து ஒவ்வோர் எண்ணை எடுத்து 'குறைத்துவிட்டோம்' என்றோ 'கூட்டிவிட்டார்கள்' என்றோ யாராவது மேடையில் பேசினால், அது எந்தக் கோடு என்று கேளுங்கள்.

3. பணம் மட்டும்தான் கணக்கா? வீட்டில் கழிப்பறை இல்லாததும் பிள்ளை பள்ளிக்குப் போகாததும் வறுமை இல்லையா?

வறுமைதான். அதற்காகத்தான் 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டைக் கொண்டுவந்தனர். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்ற மூன்று தலைப்புகளின் கீழ் ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, சமையல் எரிபொருள், குடிநீர், கழிப்பறை, மின்சாரம், வீடு போன்றவற்றைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்து, மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கேனும் குறை உள்ள குடும்பத்தை ஏழைக் குடும்பம் என்று கொள்கிறார்கள். இந்தியாவின் நிதி ஆயோக் இதனுடன் பேறுகால நலனையும் வங்கிக் கணக்கையும் சேர்த்துக்கொண்டது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி இந்தக் கணக்கில் கேரளம் 0.55 சதவீதம், தமிழ்நாடு 2.20 சதவீதம், பீகார் 33.76 சதவீதம். ஒரே நாட்டுக்குள் இவ்வளவு தூரம் இருப்பதைக் கவனியுங்கள்.

வங்கிக் கணக்கு வைத்திருப்பதையெல்லாம் வறுமைக்கு அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. கணக்கு இருக்கலாம், அதில் பணம் இருக்க வேண்டுமே.

4. ஆசியாவில் வறுமை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

குறைந்திருக்கிறது, வரலாற்றில் இதற்கு ஈடு இல்லை. சீனாவில் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் உலக வங்கியின் பழைய 1.90 டாலர் கோட்டைத் தாண்டினர். வியட்நாமில் 1993இல் 58 சதவீதமாக இருந்த வறுமை 2008இல் 14.5 சதவீதமாயிற்று. வங்கதேசத்தில் 2010இல் 31.5 சதவீதம், 2022இல் 18.7 சதவீதம். 1990இல் உலகின் கடும் ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் ஆசியாவில் இருந்தனர். இன்று அந்தச் சுமை பெரும்பாலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்துவிட்டது.

ஆனால் இது ஒருவழிப் பாதையன்று. இலங்கையில் உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை, 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரே ஆண்டில் 25 சதவீதமாயிற்று. அதைக் கேள்வி 13இல் பார்ப்போம்.

5. அப்படியானால் பொருளாதாரம் வளர்ந்தால் போதுமே, தனியாகத் திட்டங்கள் எதற்கு?

வளர்ச்சி இல்லாமல் எந்த நாடும் பெருந்திரளான மக்களை வறுமையிலிருந்து மீட்டதில்லை. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரே அளவு வளர்ச்சி ஒரு நாட்டில் அதிகம் பேரையும் இன்னொரு நாட்டில் குறைவான பேரையும் மீட்கிறது. வளர்ச்சி வந்து சேரும்போது மக்களின் கையில் என்ன இருந்தது என்பதே இந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம்.

தென்கொரியாவும் தைவானும் ஏற்றுமதித் தொழில்களைத் தொடங்குவதற்கு முன்பே, 1950களின் தொடக்கத்திலேயே, குத்தகை விவசாயிகளுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்து முடித்திருந்தன. சீனாவில் 1978இல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் ஊரில் 18 குடும்பங்கள் இரகசியமாக உடன்படிக்கை எழுதிக் கூட்டுப்பண்ணை நிலத்தைத் தமக்குள் பிரித்துக்கொண்டன. பிறகு அந்த முறை நாடெங்கும் பரவியபோது, நிலம் ஏறத்தாழ ஆளுக்குச் சமமாகவே பிரிந்தது. அந்த விவசாயிகளில் பெரும்பாலோர் அதற்கு முன்பே எழுதப் படிக்கக் கற்றிருந்தனர். ஊரில் அடிப்படை மருத்துவமும் இருந்தது. ஆகவே விளைச்சல் கூடியபோது அதன் பலன் எல்லா வீட்டுக்கும் போயிற்று. வங்கதேசம் 1994இல் கிராமப்புறப் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகையை நாடெங்கும் விரிவாக்கியது. வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். ஆடைத் தொழிற்சாலைகள் பெருகி ஆள் தேடிய காலமும் அதுவே. கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றை வளர்ச்சிக்குப் பின் கிடைக்கும் பரிசாக நினைப்பவர்கள் இந்தக் கால வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

6. இலவசமாகக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகள் ஆகிவிட மாட்டார்களா?

எந்த வகுப்பிலும் முதல் நாளே வரும் கேள்வி இது. பெரும்பாலும் கேட்பவர் மதிய உணவுத் திட்டத்தில் சாப்பிட்டுப் படித்தவராகவே இருப்பார். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் உட்பட ஆறு நாடுகளில் அரசுகள் நடத்திய ஏழு பண உதவித் திட்டங்களின் சோதனைத் தரவுகளைப் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தனர். பணம் பெற்றவர்கள் வேலைக்குப் போவதைக் குறைத்ததற்கான சான்று அதில் கிடைக்கவில்லை. அந்தப் பணம் மதுவுக்கும் புகையிலைக்கும் போய்விடும் என்ற அச்சத்தையும் வேறு ஆய்வுகள் பல நாடுகளில் சோதித்தன. அப்படி நடந்ததாகவும் பொதுவாகத் தெரியவரவில்லை.

காரணம் எளிது. இந்தத் தொகைகள் சிறியவை. மாதம் ஆயிரம் ரூபாயை நம்பி யாரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார முடியாது.

7. பணமாகக் கொடுப்பது நல்லதா, அரிசியாகக் கொடுப்பது நல்லதா?

இதற்கு ஒரே விடை இல்லை. ரேஷன் கடை எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தோனேசியாவில் ஏழைகளுக்கான மலிவு அரிசி, ஊருக்குள் வந்ததும் எல்லா வீடுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிடப்பட்டு, உரியவருக்கு மிகக் குறைவாகவே சேர்ந்தது. அதற்குப் பதிலாகக் கடையில் காட்டி வாங்கும் மின்னணு அட்டையைக் கொடுத்தபோது, மிகவும் ஏழைகளாக இருந்த குடும்பங்கள் கூடுதலாகப் பெற்றன. அங்கே மாற்றம் நன்மை செய்தது.

புதுச்சேரியில் நடந்தது வேறு. 2015இல் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. கடை விலை ஏறும்போது அந்தப் பணத்துக்கு வாங்கக்கூடிய அரிசி குறைந்துவிடும். அரிசிக்கு அந்தச் சிக்கல் இல்லை. மக்கள் அரிசியையே கேட்டுக்கொண்டிருந்தனர். 2024இல் ரேஷன் கடைகள் மறுபடி திறக்கப்பட்டன. ஏற்கெனவே கடை ஒழுங்காக நடக்கும் ஊரில் அதை மூடிவிட்டுப் பணம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

8. காரில் வந்து ரேஷன் வாங்குகிறார்களே! ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் எவ்வளவு மிச்சமாகும்?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இது என்று நினைக்கிறேன். ஏழைகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டுமானால், யார் ஏழை என்று ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலில் இரண்டு வகைத் தவறுகள் நேரும். தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று. தகுதியுள்ளவர் வெளியே நின்றுவிடுவது மற்றொன்று. முதல் தவறு கண்ணில் படும், செய்தியாகும், காரின் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும். இரண்டாவது தவற்றுக்குப் படம் கிடையாது. அட்டை இல்லாத கிழவி கடைக்கே வர மாட்டாள். முதல் தவற்றைக் குறைக்க நிபந்தனைகளைக் கடுமையாக்கினால் இரண்டாவது தவறு பெருகும். எல்லா நாடுகளின் அனுபவமும் இதுதான்.

இந்தியா 1997இல் ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் அனைவருக்குமான முறையைத் தொடர்ந்தது. வசதி உள்ளவர்களில் பலர் அந்த அரிசியை வாங்குவதில்லை. வரிசையில் நிற்க அவர்களுக்கு மனமில்லை, அந்த அரிசி பிடிப்பதுமில்லை. ஆனால் நடுத்தரக் குடும்பங்களும் அதே கடைக்கு வருவதால், எடை குறைந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. ரேஷன் தானியம் வெளிச்சந்தைக்குக் கசிவது குறைவாக இருந்த மாநிலங்களில் ஒன்றாகத் தமிழ்நாடு விளங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஏழைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்படும் சேவையில் தரம் விழுந்தால் கேட்க யாருமில்லை.

அனைவருக்கும் என்றால் உலகில் உள்ள அனைவருக்கும் எல்லாவற்றையும் என்று பொருளில்லை. நேபாளம் ஏழ்மையான நாடாக இருந்தபோதே, 1995இல், 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 100 ரூபாய் என்று தொடங்கியது. அங்கே வயதுதான் தகுதி. மங்கோலியா 2005இல் குழந்தைகளுக்கான உதவித்தொகையை ஏழைகளுக்கு மட்டும் என்று தொடங்கி, பட்டியல் தயாரிப்பதன் சிரமத்தைக் கண்டு, அடுத்த ஆண்டே எல்லாக் குழந்தைகளுக்கும் என்று மாற்றிக்கொண்டது. வயதையும் பிறப்பையும் எளிதில் மறைக்க முடியாது, வருமானத்தை மறைக்கலாம். வசதி உள்ளவருக்குப் போன பணத்தை வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்ள அரசுக்கு வழியுண்டு. பட்டியலில் விடுபட்டவரைத் தேடிப் பிடிக்க அவ்வளவு எளிய வழி இல்லை.

9. மின்கட்டணத்தைப் பார்த்து ஏழையா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? எங்கள் வீட்டில் ஒரே மீட்டரில் மூன்று குடும்பங்கள் இருக்கிறோம்.

வருமான வரி கட்டுபவர்கள் குறைவாகவும் கூலி கையில் வாங்குபவர்கள் அதிகமாகவும் உள்ள நாடுகளில் வருமானத்தை நேரடியாக அளக்க முடியாது. ஆகவே, வருமானத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று கருதப்படும் அடையாளங்களைப் பார்க்கிறார்கள்: வீட்டின் சுவர், வாகனம், நிலம், மின்சாரம். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருப்பதுடன், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக மின்சாரம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதும், நன்செய் ஐந்து ஏக்கருக்கோ புன்செய் பத்து ஏக்கருக்கோ மிகாமல் இருக்க வேண்டும் என்பதும் விதியாயின. இலங்கையில் அதே ஆண்டு வந்த அஸ்வெசும என்ற பண உதவித் திட்டம் 22 குறிகாட்டிகளுக்கு மதிப்பெண் போட்டுக் குடும்பங்களை வகைப்படுத்தியது. பட்டியல் வெளியானதும் லட்சக்கணக்கில் முறையீடுகள் குவிந்தன.

உங்கள் வீட்டு மீட்டர் இந்த முறையின் குறையைச் சரியாகவே காட்டுகிறது. அடையாளங்கள் சராசரியில் உண்மையைச் சொல்லும். தனித்தனி வீட்டுக்கு வரும்போது பொய்க்கும். கணவன் இறந்து போன வீட்டில் அவன் வாங்கிய பைக் நின்றுகொண்டிருக்கலாம். இந்தோனேசியாவில் 640 ஊர்ப் பகுதிகளில் இதைச் சோதித்தார்கள்: சில இடங்களில் இப்படி மதிப்பெண் போட்டும், சில இடங்களில் ஊர்க்கூட்டம் கூட்டி மக்களையே வரிசைப்படுத்தச் சொல்லியும் ஏழைகளைத் தேர்ந்தெடுத்தனர். செலவுக் கணக்கை வைத்துப் பார்த்தால் மதிப்பெண் முறை சற்றே துல்லியமாக இருந்தது. ஆனால் ஊர்க்கூட்டம் நடந்த இடங்களில் மக்களின் மனநிறைவு கூடுதலாக இருந்தது. விதவைகள் போன்றோரின் நிலையை எந்த மதிப்பெண்ணையும்விட அயலார் நன்றாக அறிந்திருந்தனர். நம் ஊர்களில் சாதி இருப்பதால் ஊர்க்கூட்டத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

10. கைரேகை, ஆதார் எல்லாம் வந்துவிட்டதே, இனி ஊழல் இருக்காது இல்லையா?

இரண்டு மாநில அனுபவங்களைப் பாருங்கள். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் வேலை உறுதித் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் ஸ்மார்ட் கார்டு வழியாகக் கொடுத்தபோது, பணம் விரைவாக வந்தது, கசிவும் குறைந்தது. கார்டு இல்லாதவர்களை உடனே வெளியேற்றவும் இல்லை. ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ஆதார் கைரேகையைக் கட்டாயமாக்கியபோது, ஆதாரை அட்டையோடு இணைக்காதவர்களில் உண்மையான பயனாளிகளும் தானியத்தை இழந்தனர். கருவி ஏறத்தாழ ஒன்றுதான். கைரேகை பதியாதபோது என்ன செய்வது என்ற விதியில்தான் வேறுபாடு. கட்டட வேலையிலும் வயல் வேலையிலும் தேய்ந்த விரல்களுக்குத்தான் இயந்திரம் அடிக்கடி மறுப்புச் சொல்கிறது.

11. வங்கதேசத்தில் நுண்கடன் கொடுத்து வறுமையை ஒழித்தார்கள் என்கிறார்களே?

கடன் கொடுத்தார்கள், வறுமை குறைந்தது. முன்னதே பின்னதற்குக் காரணம் என்பதற்குச் சான்று பலவீனமாக இருக்கிறது. ஏழைப் பெண்களுக்குப் பிணையில்லாமல் சிறு கடன் கொடுத்து, 1983இல் முறைப்படி வங்கியான கிராமீன் வங்கிக்கும் அதன் நிறுவனர் முகமது யூனுஸுக்கும் 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. பின்னர் இந்தியா (ஹைதராபாத்) உட்பட ஆறு நாடுகளில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015இல் ஒருசேர வெளியாயின: சிலருடைய சிறு தொழில் விரிவடைந்தது, ஆனால் பெரும்பாலான குடும்பங்களின் வருமானம் குறிப்பிடும்படி உயரவில்லை. அதற்குள் 2010இல் ஆந்திரத்தில் ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடி முற்றி, மாநில அரசு சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் ஆள் நிற்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வங்கதேசத்திலிருந்தே வந்த இன்னொரு முறை இதைவிட உறுதியான பலன் தந்திருக்கிறது. ஆனால் அது இந்த அளவுக்குப் புகழ் பெறவில்லை. ஃபசலே ஹசன் ஆபெத் 1972இல் தொடங்கிய பிராக் அமைப்பு, மிகவும் ஏழைகளான பெண்கள் கடன் வாங்கவே வருவதில்லை என்பதைக் கவனித்து, 2002இல் வேறு வழியை முயன்றது. கடனாக இல்லாமல் ஒரு பசுவையோ ஆடுகளையோ கொடுத்துவிடுவது, அது பலன் தரும்வரை விற்றுச் சாப்பிட்டுவிடாதிருக்கச் சில மாதங்களுக்குச் சிறு உதவித்தொகை, வளர்ப்பதற்குப் பயிற்சி, சேமிப்பு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பது. இந்த முழுத் தொகுப்பை இந்தியா, பாகிஸ்தான் உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்தபோது, திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பின்னும் உணவும் வருமானமும் உயர்ந்தே இருந்தன. மேற்கு வங்கத்தில் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு நிலைத்திருந்தது. செலவு அதிகம் என்பது இதன் மீதான நியாயமான குறை.

12. இந்தியா உலகிலேயே நான்காவது சமத்துவமான நாடு என்று செய்தி வந்ததே, உண்மையா?

2025 ஜூலையில் வந்த செய்தி அது. கினிக் குறியீடு என்பது ஏற்றத்தாழ்வை அளப்பது. பூஜ்யம் என்றால் முழுச் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவர் கையில். 2022-23க்கு இந்தியாவின் எண் 25.5. அமெரிக்காவுக்கு 41.8. இரண்டையும் பக்கத்தில் வைத்ததில்தான் பிழை: இந்தியாவின் எண் குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்ற ஆய்விலிருந்து வந்தது, அமெரிக்காவின் எண் வருமானத்திலிருந்து வந்தது. செலவு எங்கும் வருமானத்தைவிடச் சமமாகவே தெரியும். மாதம் பத்தாயிரம் வருபவர் பத்தாயிரத்தையும் செலவழிக்கிறார். பத்து லட்சம் வருபவர் பெரும்பகுதியைச் சேமிக்கிறார். மேலும், மிகப் பெரும் பணக்காரர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளில் அகப்படுவதே அரிது.

வரித் தரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம், 2022-23இல் இந்திய வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருப்பதாகச் சொல்கிறது. இந்தக் கணக்கிலும் அனுமானங்கள் உண்டு. தரவு போதாத இடங்களில் அவர்கள் இடைவெளியை நிரப்பியிருக்கிறார்கள். எனினும் செலவு எண்ணை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவது கேள்வி 2இல் சொன்ன கோட்டுக் குழப்பத்தின் மறுவடிவமே.

வறுமை குறைந்தால் போதும், ஏற்றத்தாழ்வு இருந்துவிட்டுப் போகட்டும் என்று இதைத் தொடர்ந்து ஒருவர் கட்டாயம் சொல்வார். இரண்டும் தனித்தனியானவை அல்ல. 1990களிலிருந்து இருபது ஆண்டுகளில் ஆசியாவின் பெரிய நாடுகளில் ஏற்றத்தாழ்வு கூடாமல் இருந்திருந்தால், இன்னும் 24 கோடிப் பேர் வறுமையிலிருந்து வெளியேறியிருப்பர் என்று ஆசிய வளர்ச்சி வங்கி 2012இல் கணக்கிட்டது.

13. ஒருமுறை வெளியே வந்துவிட்டால் மீண்டும் ஏழை ஆவார்களா?

ஆவார்கள், பெரும்பாலும் மருத்துவமனை வழியாக. அதனால்தான் தாய்லாந்தின் அனுபவத்தை நான் தவறாமல் சொல்வேன். 2001இல் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நாடெங்கும் விரிந்த திட்டத்தில், அரசு ஊழியர் காப்பீட்டிலும் தொழிலாளர் காப்பீட்டிலும் இல்லாத அனைவரும் 30 பாட் கொடுத்து மருத்துவம் பெறலாம் என்றாயிற்று. ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேறு காப்பீடு இல்லை என்பதே தகுதி. 1997 நிதி நெருக்கடியிலிருந்து முழுமையாக மீளாத நிலையிலேயே அந்த நாடு இதைச் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கட்டிவைத்திருந்த கிராமச் சுகாதார நிலையங்களும் மாவட்ட மருத்துவமனைகளும் இருந்ததால்தான் இந்த வாக்குறுதி காகிதத்தோடு நிற்கவில்லை.

இலங்கை இதன் மறுபக்கம். மருத்துவம் இலவசமாக இருந்தும், 2022இல் விலைவாசியும் வேலையிழப்பும் லட்சக்கணக்கானோரைக் கீழே தள்ளின. நெருக்கடி வந்தபோது, அதுவரை இருந்த சமுர்த்தி என்ற அரசு உதவி பலருக்குச் சேரவில்லை. புதிய பட்டியலோடு அஸ்வெசும வந்து சேர்ந்தபோது 2023 ஆகிவிட்டது. குடை இல்லாதபோது பெய்த மழை அது.

14. இலங்கையில் கல்வியும் மருத்துவமும் எப்போதோ இலவசமாயிற்று. பிறகு மலையகத்தில் மட்டும் ஏன் அவ்வளவு வறுமை?

2019ஆம் ஆண்டுக் கணக்கில் இலங்கையின் நகர்ப்புற வறுமை 6 சதவீதம், கிராமப்புறம் 15 சதவீதம், மலையகத் தேயிலைத் தோட்டங்கள் அடங்கிய தோட்டத்துறை 33.8 சதவீதம். 1940களில் இலவசக் கல்வி வந்த அதே காலத்தை ஒட்டி, 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்து, 1970களில்தான் அரசுக்கு மாறின. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. இன்றும் பல குடும்பங்களுக்கு, லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் தாம் வாழும் அறைக்கோ அது நிற்கும் நிலத்துக்கோ உரிமைப் பத்திரம் கிடையாது. நாட்கூலியை 1,000 ரூபாயாக்கக் கோரிய நீண்ட போராட்டம் 2021இல்தான் பலித்தது. அதை வாங்கும்போதே விலைவாசி ஏறத் தொடங்கிவிட்டது.

'அனைவருக்கும்' என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும், அந்த 'அனைவர்' யார் என்று வேறொரு சட்டம் தீர்மானித்துவிட முடியும். சீனாவில் ஹுகோ எனப்படும் வீட்டுப் பதிவு முறையால், நகரத்தைக் கட்டிய கிராமத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினமாக இருந்ததும் இதே வகைதான்.

15. கேரளத்தில் அதிதீவிர வறுமையே இல்லை என்று அறிவித்துவிட்டார்களே, நம்பலாமா?

2025 நவம்பர் 1 அன்று அறிவித்தார்கள். அங்கே செய்தது என்ன என்று பார்த்தால் பதில் தெளிவாகும். 2021இல் தொடங்கிய கணக்கெடுப்பில், உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களும் வீடு வீடாகப் போய், உணவு, உடல்நலம், வருமானம், இருப்பிடம் ஆகியவற்றில் முற்றிலும் கைவிடப்பட்ட நிலையில் இருந்த 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுதினர்: ஒருவருக்கு ரேஷன் அட்டை, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வீடு. அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கு உதவி சேர்ந்தது என்ற அளவில் அறிவிப்பை ஏற்கலாம். கேரளத்தில் வறுமையே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள் பற்றிய கேள்விகள் அங்கேயே எழுந்தன. சீனா 2021இல் தன் 832 வறிய மாவட்டங்களும் வறுமையிலிருந்து மீண்டுவிட்டன என்று அறிவித்ததையும் இப்படித்தான், எந்தக் கோடு, எந்தப் பட்டியல் என்று கேட்டுப் படிக்க வேண்டும்.

16. எல்லாம் சரி, பணம் எங்கிருந்து வரும்?

இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, ஏற்கெனவே வசதியானவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும் மானியம். இந்தோனேசியா 2005இல் எரிபொருள் மானியத்தைக் குறைத்து, மிச்சமான தொகையின் ஒரு பகுதியை ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பணமாகக் கொடுத்தது. கார் வைத்திருப்பவருக்கே அதிகம் போய்ச்சேர்ந்த மானியம் அது. மற்றொன்று, வரி. இலங்கை 2019இன் இறுதியில் வரிகளைப் பெரிதாகக் குறைத்தது. 2021இல் அரசின் வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. அப்படிப்பட்ட கருவூலத்தை வைத்துக்கொண்டு எந்த நல்ல திட்டத்தையும் நெருக்கடி நேரத்தில் விரிவாக்க முடியாது. கேள்வி 13இல் சொன்ன தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

17. எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்குத் தகுதி இருந்தும் கிடைக்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

முதலில், நிராகரித்ததற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லும் காரணத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாள்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு முறையீடு செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். அந்தச் செய்தியை ஆங்கில விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டவர்களை எனக்கே தெரியும். ஆகவே அந்த அம்மாவின் கைப்பேசியை வாங்கிப் பாருங்கள். மின் இணைப்பு, வாகனம், நிலம் ஆகியவற்றில் எது தடையாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், கேள்வி 9இல் சொன்ன மீட்டர் கதைக்கு உரிய ஆவணத்தைத் தேடலாம்: தனி ரேஷன் அட்டை, வாகனம் விற்ற சான்று, பட்டா மாறுதல்.

தனி ஆளாகப் போவதைவிடக் கிராம சபையில் பெயர் சொல்லிப் பதிவு செய்வது நல்லது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் சபை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.